சொல்லாமல் வெட்டிய மரத்தின் நிழல்

ஞானகுருவின் வீட்டுப் பக்கம் நீண்டிருந்த வாதாமரக் கொம்புகளை மிஷின் வைத்து அறுத்துத் தள்ளிய அன்று, கொம்புகள் போயின, கை விரித்த அகலத்துக்கு இருந்த இலைகள் போயின, ஒரு காக்கைக் கூடும் அதில் காக்கை சேர்த்து வைத்திருந்த கம்பித் துண்டுகளும் போயின, எல்லாவற்றையும் டிராக்டரில் அள்ளிப் போட்டுக் கொண்டுபோய்ச் செங்கல் சூளையில் இறக்கிவிட்டு வந்தார்கள், ஆனால் நிழல் போகவில்லை. மறுநாள் காலையில் சூரியன் எழுந்து தவசிலிங்கத்தின் தகரக் கூரையைத் தாண்டியதும், அந்த நிழல் தினமும் விழுகிற நேரத்துக்கு, தினமும் விழுகிற இடத்தில், ஞானகுருவின் மொட்டைமாடியில், அடுக்கடுக்காகக் கொம்பும் கொம்பு நுனியில் இலைக்கொத்துமாக வந்து படுத்துக்கொண்டது.

முதலில் பார்த்தவள் ஞானகுருவின் மனைவி ராஜக்கனி. கூழ் வத்தல் பிழிவதற்காக மாடியில் வேட்டியை விரித்தவள், நிழலைப் பார்த்தாள், அண்ணாந்து வெறும் வானத்தைப் பார்த்தாள், மறுபடி நிழலைப் பார்த்தாள், பிறகு வேட்டியை நிழல் இல்லாத மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பிழிய ஆரம்பித்தாள். கூழ் ஆறிவிட்டால் பிழிய வராது. ஆச்சரியத்தை அப்புறம் பட்டுக்கொள்ளலாம்.

சுவருக்கு இந்தப் பக்கம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த தவசிலிங்கமும் பார்த்தார். அவர் அந்த ஊர் தானிய மண்டியில் வாலிபம் முழுக்க மூட்டை சுமந்தவர், மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவர், ஒரு தடவை மனசில் ஏற்றிய மூட்டையை இறக்கி வைத்துப் பழக்கமில்லாதவர். வெறும் வானத்திலிருந்து கொம்பு நிழல் இறங்குவதைப் பார்த்தும் அவருக்குத் தூக்கிவாரிப் போடவில்லை.

"மரத்துகிட்டச் சொன்னியான்னு கேட்டேன்ல," என்றார், டீ கிளாஸைப் பார்த்து.

கேட்டது உண்மைதான். கரிசல் காட்டில் மரம் குறைச்சல், அதனால் மரத்துக்கு மரியாதை அதிகம். ஒரு பச்சை மரத்தில் இரும்பு வைப்பதென்றால் முந்தின நாள் பொழுது சாய்கிற வேளைக்கு அதன் முன்னால் போய் நிற்க வேண்டும், சூடம் கொளுத்த வேண்டும், மரத்தில் கையை வைத்து, "நாளைக்கு வெட்டப் போறோம், இதுல இருக்கவங்க எல்லாரும் வேற எடம் பாத்துக்கிடுங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பறவைக்குச் சொல்கிறோமா, பாம்புக்குச் சொல்கிறோமா, கண்ணுக்குத் தெரியாத வேறு யாருக்குமா என்று அந்த ஊரில் யாரும் விளக்கம் கேட்டதில்லை. சொல்லிவிட்டு ஒரு ராத்திரி அவகாசம் விட்டு, விடிந்த பிறகுதான் கோடாலியைத் தொடுவார்கள். ஞானகுரு நகராட்சிக்குச் சொல்லியிருந்தார், வார்டு கவுன்சிலருக்குச் சொல்லியிருந்தார், கரண்டை நிறுத்த மின்வாரியத்துக்குச் சொல்லியிருந்தார், தவசிலிங்கத்தின் கதவில் உத்தரவையே பசை போட்டு ஒட்டியிருந்தார். மரத்துக்கு மட்டும் சொல்லவில்லை. "மரத்துகிட்டச் சொன்னியாப்பா?" என்று தவசிலிங்கம் கேட்டபோது, மிஷின்காரன் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே, "சொல்றதுக்கு அதென்ன வாடகைக்கா இருக்கு பெரியவரே?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு மிஷின் சத்தத்தில் முழுகிப்போனது. நிழல் முழுகவில்லை.

அந்த மரத்தை நட்டது யாரும் இல்லை. எங்கேயோ வாதாம்பழம் தின்ற ஒரு வௌவால் கொட்டையை இரண்டு வீட்டுக்கும் நடுவில் போட்டுவிட்டுப் போனது. அப்போது அங்கே முள்வேலிதான் இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம், தவசிலிங்கத்தின் மனையில், சரியாக ஒரு சாண் உள்ளே தள்ளி அது முளைத்தது, அவர் வீட்டுக் குளிக்கிற தண்ணியைக் குடித்து வளர்ந்தது, குடை மேல் குடை வைத்த மாதிரி அடுக்கு விட்டு இரண்டு வீட்டுக்கும் தெருவுக்கும் சேர்த்து விரிந்தது. அப்புறம் ஒருநாள் மண்டியில் பலகை சறுக்கித் தவசிலிங்கம் மூட்டையோடு விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். கிடந்துவிட்டுக் கம்பு ஊன்றி வீடு வந்து சேர்ந்தபோது, முள்வேலி இருந்த இடத்தில் ஞானகுரு கட்டிய செங்கல் சுவர் நின்றது, மரம் அந்தச் சுவருக்கு நடுவில் நின்றது. கொத்தனார் மரத்தின் இரண்டு பக்கமும் கையை விட்டு எடுக்கிற அளவுக்குச் சந்து விட்டுக் கட்டியிருந்தார்.

"வேலிக்கு ஒரு சாண் உள்ள நின்ன மரம், சுவருக்கு நடுவுல எப்படிய்யா போச்சு? நடந்தா போச்சு?" என்று அன்றைக்கு அவர் கேட்டார். மறுநாள் கேட்டார். டீக்கடையில் கேட்டார், ரேஷன் கடை வரிசையில் கேட்டார், அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்ற வந்தவரிடம் கேட்டார். "மரம் பெருத்திருக்கும் அண்ணாச்சி" என்றார்கள். "உங்களுக்கு ஆஸ்பத்திரி மருந்து இன்னும் இறங்கலை" என்றார்கள். அவருக்குத் தலை நரைத்தது, பல் கொட்டியது, கேட்டவர்களில் பாதிப் பேர் செத்தும் போனார்கள். கேள்வி அப்படியே இருந்தது. ஒரு சாண் மண்ணில் ஒரு மல்லிகைச் செடிகூட வைக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் ஆள் படுத்துக் கிடக்கிற நேரம் பார்த்து எடுத்த ஒரு சாண், ஆள் நின்றுகொண்டிருக்கும்போது எடுத்த ஒரு ஏக்கரைவிடப் பெரியது என்பது அவர் கணக்கு.

ஞானகுரு மாடி எடுத்து, மாடியில் ராஜக்கனி நாலைந்து பெண்களை வைத்துக்கொண்டு வத்தல் போட ஆரம்பித்ததும் மரம் அவருக்குச் சத்துருவானது. இலை விழுகிறது என்றார், அணில் வத்தலைக் கடிக்கிறது என்றார், காக்கை எச்சம் போடுகிறது என்றார், எல்லாவற்றுக்கும் மேலாக வெயில் படவில்லை என்றார். "சுவரை ஒரு சாண் தள்ளிக் கட்டச் சொல்லு, நானே ஏறி வெட்டித் தாரேன்," என்று தவசிலிங்கம் சொல்லி அனுப்பினார். ஞானகுரு சுவரைத் தள்ளவில்லை, உத்தரவு வாங்கி வந்தார்.

இப்போது கொம்பு போய் நிழல் நிற்கவும், ஞானகுரு மாடிக் கைப்பிடிச் சுவரில் நின்று தெருவுக்குக் கேட்கக் கத்தினார். இந்த இருவரும் நேருக்கு நேர் பேசி எத்தனையோ காலமாகிவிட்டது. அவர் வானத்தைப் பார்த்துப் பேசுவார், இவர் டீ கிளாஸைப் பார்த்துப் பதில் சொல்வார்.

"வெட்டின பெறகும் நிழலை எம்மாடியில போட்டு வச்சிருக்கான்! எடுத்துக்கிடச் சொல்லுங்கய்யா!"

"கொம்பை வெட்டணும்னு உத்தரவு. வெட்டியாச்சு. நிழலை வெட்டணும்னு அதுல எங்க எழுதியிருக்குன்னு வாசிச்சுக் காட்டச் சொல்லு. எனக்குத்தான் வாசிக்கத் தெரியாது."

"செய்வினை வச்சிருக்கான்!"

"செய்வினை வைக்கத் தெரிஞ்சிருந்தா சுவரு எழும்புன அன்னைக்கே வச்சிருப்பேன்."

தவசிலிங்கத்தின் மனைவி பூரணம் அடுப்படியிலிருந்து, "காலங்காத்தால ஆரம்பிச்சாச்சா, ரெண்டு பேரும் பல்லு வெளக்குனீங்களா?" என்றாள்.

தெரு அந்த நிழலை எடுத்துக்கொண்ட விதம்தான் சொல்ல வேண்டியது, ஏனென்றால் தெரு அதிகம் யோசிக்கவில்லை. முதல் நாள் வந்து பார்த்தார்கள், இரண்டாம் நாள் வந்து உட்கார்ந்தார்கள். இஸ்திரி போடுகிறவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வானத்தில் ஒன்றும் இல்லாத இடத்துக்கு நேர் கீழே நிறுத்தினார், கீரைக்காரி கூடையை இறக்கினாள், தண்ணி லாரிக்குக் குடம் போட்டவர்கள் குடங்களை வெயிலில் வரிசையாக நிறுத்திவிட்டுத் தாங்கள் நிழலில் வரிசையாக நின்றார்கள், நிழல் நகர நகர மனிதர்களும் ஆடுகளும் ஒன்றாக நகர்ந்தார்கள், உச்சிப்பொழுதில் ஒரு ஆட்டுக்கும் ஒரு ஓய்வுபெற்ற கண்டக்டருக்கும் இடத் தகராறே வந்தது. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களுக்கு, "மரமில்லாத நிழல் இருக்கு பாருங்க, அதுக்கு எதுத்த வீடு," என்று அடையாளம் சொன்னார்கள். காக்கைகள்தான் கொஞ்சம் சிரமப்பட்டன. தரையில் கொம்பு நிழலைப் பார்த்துவிட்டு மேலே உட்கார வரும், உட்காரக் கொம்பிருக்காது, தடுமாறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திட்டிக்கொண்டே போகும். மீதி மரம் சிவந்து இலையுதிர்ந்தபோது இந்த நிழலும் சல்லடையாகி வெளுத்தது, மரம் துளிர்த்தபோது இதுவும் துளிர்த்துக் கறுத்தது. எலுமிச்சையும் குங்குமமும் கொண்டுவந்து இதைச் சாமி ஆக்க இரண்டு பேர் பார்த்தார்கள். "சாமி ஆக்குனா உண்டியல் வைப்பான், உண்டியல் வச்சா கம்பி வேலி போடுவான், அப்புறம் நீங்க உக்கார டிக்கெட் வாங்கணும்," என்று தவசிலிங்கம் சொன்னதும் எலுமிச்சையை டீக்கடையில் ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஞானகுரு சும்மா இருக்கவில்லை. மாடிக்கு வெள்ளையடித்தார், நிழல் வெள்ளையில் இன்னும் துல்லியமாக, நரம்பு தெரிய விழுந்தது. தார்ப்பாய் கட்டி நிழலை மேலேயே தடுத்துப் பார்த்தார். தார்ப்பாய் நிழலில் வத்தல் எப்படிக் காயும் என்று ராஜக்கனி கேட்டதும் அவிழ்த்தார். தேங்காய் உடைத்துச் சூடம் காட்டி, "இருக்கவங்க வேற எடம் பாத்துக்கிடுங்க," என்று காலம் கடந்து நிழலிடமே சொல்லிப் பார்த்தார்; சூடம் கரைந்தது, தேங்காயை அணில் தின்றது, நிழல் அசையவில்லை. கடைசியில் நகராட்சிக்கு மனு கொடுத்தார். ஒரு அலுவலர் டேப்போடு வந்து நிழலை அளந்தார். நீளத்தை அளந்து முடித்து அகலத்துக்கு வருவதற்குள் நீளம் மாறிவிட்டது. மூன்று முறை அளந்து களைத்து, அந்த நிழலிலேயே உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, 'மேற்படி நிழல் மரம் இல்லாத இடத்தில் காணப்படுவது உண்மை, ஆவன செய்யப்படும்' என்று எழுதிக்கொண்டு போனார்.

அப்போதுதான் தண்ணிக் குழாயடியில் பெண்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சொல்லாமல் வெட்டியதால் நிழலுக்கு விவரம் தெரியவில்லை. யாரோ சொன்னால் கேட்காது. தண்ணி ஊற்றிய வீட்டு ஆள் சொன்னால் கேட்கும். தவசிலிங்கம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

டீக்கடை வெள்ளைச்சாமி, இஸ்திரிக்காரர், கண்டக்டர் மூவரும் சேர்ந்து அவர் கட்டிலுக்கு வந்தார்கள். நிழல் போவதில் அவர்களுக்கும் இஷ்டம் இல்லை. ஆனால் ஞானகுருவின் கத்தல் அதைவிடத் தாங்க முடியாததாக இருந்தது.

"அண்ணாச்சி, ஒரு வார்த்தைதான. காசா, பணமா?" என்றார் வெள்ளைச்சாமி.

"வார்த்தைதான். வாயில இருக்கு. சுவரு ஒரு சாண் நகரட்டும், வார்த்தை வெளிய வரும்."

"இந்த வயசுல ஒரு சாணை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"அதை எடுத்தவன்கிட்டக் கேளு, என்ன பண்ணுனான்னு."

"நீங்க சொன்னாக் கேக்குமான்னு உங்களுக்கே நிச்சயமாத் தெரியுமா?" என்றார் கண்டக்டர்.

தவசிலிங்கம் யோசித்தார். "தெரியாது. சொல்லிப் பாத்தாத்தான தெரியும். சொல்லமாட்டேன்."

மாடியிலிருந்து குரல் வந்தது. "ஒரு சாண் என்ன, ஒரு விரக்கடை நகராது! அந்த மரம் என்னைக்குமே நடுவுலதான் நின்னது!"

"கேட்டுக்கிட்டீங்களா? நீங்களே பாத்துக்கிடுங்க," என்று தவசிலிங்கம் படுத்துவிட்டார். மூவரும் கொஞ்ச நேரம் நிழலில் இருந்துவிட்டுப் போனார்கள்.

இந்த இரண்டு ஆண்களுக்கும் தெரியாத ஒன்று உண்டு. மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் கொத்தனார் விட்ட சந்தில், சுவர் எழும்பிய வருஷத்திலிருந்தே குழம்புக் கிண்ணங்கள் போய் வந்துகொண்டிருந்தன. இங்கிருந்து கருவாட்டுக் குழம்பு போகும், அங்கிருந்து கிண்ணம் கழுவி வத்தலோடு வரும். அந்தச் சந்து வழியாகத்தான் ஒருநாள் ராஜக்கனி ஒரு வட்டமான சாமானை நீட்டினாள்.

"மதினி, இதைப் பொரிச்சுப் பாருங்க."

பூரணம் வாங்கிப் பார்த்தாள். அப்பளம்.

"வத்தலுக்குத்தான் காந்தல் வெயில் வேணும். அப்பளத்தை வெயில்ல போட்டா ஓரம் சுருண்டுக்கிடும், நிழல்ல உலந்தாத்தான் தட்டையா நிக்கும். இத்தனை நாளு இந்தப் புத்தி எனக்கு வரலை. நிழல்ல உக்காந்து தேய்க்கவும் பிள்ளைகளுக்கு மண்டையிடியும் இல்ல. நாலு கடையில கேட்டுட்டான், இன்னும் வேணும்னு. அவரு மூஞ்சியைத்தான் பாக்க முடியலை. அப்பளம் வித்தாலும் தோத்துட்டோம்னு நெனைக்காரு."

பூரணம் அதைப் பொரித்துத் தவசிலிங்கத்தின் தட்டில் வைத்தாள். நல்லாயிருக்கு, எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார். விவரம் தெரிந்ததும் பாதி தின்ற அப்பளத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவினார். என் நிழலில் என் எதிராளி பிழைக்கிறானா என்று அன்று முழுக்க உறுமிக்கொண்டே இருந்தார். மறுநாள் சாப்பாட்டுக்கு, "அப்பளம் இல்லையா?" என்றார்.

சித்திரை பிறந்தது. கரிசல் வெடித்தது. தவசிலிங்கத்தின் வீடு தகரம் போட்ட வீடு. மரம் மட்டும் மேலே இல்லையென்றால் மதியம் அதற்குள் சோறு தானாக வேகும். போன வருஷம் ஊருக்குப் போய் வந்தபோது பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தவள் பூரணம். வெயில் அவளுக்கு ஆகாது. இந்தக் கோடையைத்தான் ஞானகுரு எதிர்பார்த்துக் காத்திருந்தார்.

ஒருநாள் காலையில் தவசிலிங்கத்தின் கதவில் இன்னொரு உத்தரவு ஒட்டியிருந்தது. கண்டக்டர் வாசித்துக் காட்டினார்: ஒரு பக்கம் பாரம் குறைந்து மறுபக்கம் சாயும் அபாயம் இருப்பதால் மரத்தை முழுவதும் அகற்ற வேண்டும். அன்று மதியம் சந்து வழியாக ராஜக்கனியின் குரல் வந்தது. இந்தத் தடவை பூரணத்துக்கு மட்டும் அல்ல.

"மதினி, அண்ணாச்சி காதுல போடுங்க. இந்தத் தடவை மிஷின் இல்ல. மரம் வெட்டுற ஊருலேருந்து ஆளைக் கூட்டியாரப் போயிருக்காரு, முறை தெரிஞ்ச ஆளாம். நாளைக்குப் பொழுது சாயச் சூடம் கொளுத்தி மரத்துகிட்டச் சொல்லிருவாங்க. விடிஞ்சதும் வெட்டு. சொல்லி வெட்டுனா எல்லாம் போயிரும், மாடியில கெடக்குறதும் சேந்து போயிரும்னு அந்தாளு அடிச்சுச் சொல்லியிருக்கானாம்."

தவசிலிங்கம் மரத்தடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். பாதி மரம் அது. ஒரு பக்கம் அடுக்கு, மறுபக்கம் ஆகாசம். உத்தரவு வந்துவிட்டது, மரம் எப்படியும் போகும். அதை அவரால் நிறுத்த முடியாது. கம்பு ஊன்றுகிற கிழவன் எத்தனை பேரை மறிப்பது? ஆனால் நாளைப் பொழுது சாய்வதற்குள் ஒருவன் வந்து மரத்தில் கை வைத்துப் பக்குவமாகச் சொல்லிவிட்டால், மாடி நிழல் போகும், தெரு நிழல் போகும், பூரணத்தின் தலைக்கு மேல் இருக்கிற நிழலும் போகும். ஒரு சாண் மண் போன மாதிரி, ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இத்தனை நிழலும் போகும். சொல்லாமல் வெட்டினால்? பாதிக்கு நின்றது முழுசுக்கும் நிற்குமா? நிற்காமலும் போகலாம். அப்படிப் போனால் மரத்தைக் கொன்ற கை அவர் கையாகத்தான் இருக்கும்.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, மரத்தில் கை வைக்கப் போனவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். கை வைத்தால் வாய் தானாக ஏதாவது சொல்லிவிடும் என்று பயம்.

மறுநாள் காலையில் மண்டியில் கிடந்த பழைய இழுவை ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுக்கிற ரம்பம் அது, தனியாளுக்கு ஆகாது. பூரணம் வேப்பெண்ணெய் தடவிக் கொடுத்து, சேலையைச் செருகிக்கொண்டு, சந்துக்குள் கையை விட்டு மறுபக்கத்துப் பிடியைப் பற்றினாள்.

"மரத்துகிட்டச் சொல்லிட்டீங்களா?" என்றாள் பழக்கத்தில்.

"வாயை மூடிக்கிட்டு இழு."

இழுத்தார்கள். நிழல் பார்த்துக்கொண்டிருந்தது. தெரு கூடிவிட்டது. வெள்ளைச்சாமி, "அண்ணாச்சி, என்ன செய்யிறீங்க?" என்று பதறினார். "உத்தரவை மதிக்கேன்," என்றார் தவசிலிங்கம், மூச்சு வாங்க. கொஞ்ச நேரத்தில் பூரணத்தின் மணிக்கட்டு தளர்ந்தது, ரம்பம் பாதியில் கடித்துக்கொண்டு நின்றது. அவர் சொல்லியனுப்பி வந்திருந்த பழைய மண்டி ஆட்கள் மரத்தில் கயிறு கட்டிப் பின்பக்கத்துக் காலி மனைப் பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கயிற்றை விட்டுவிட்டு வருவதற்குள், சுவரின் மறுபக்கத்துச் சந்திலிருந்து மாவு ஒட்டிய ஒரு கை நீண்டு ரம்பத்தின் பிடியைப் பற்றியது.

"விடுங்க மதினி, நான் பிடிக்கேன்."

"ஏம்மா, உம்புருசன் வந்தா?" என்றார் தவசிலிங்கம். சுவர் எழும்பிய பிறகு அந்த வீட்டு ஆளோடு அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"மாவு தேய்க்கிற கை அண்ணாச்சி இது. அவரு வாறதுக்குள்ள முடிச்சிரலாம். இழுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் அவருமாக இழுத்தார்கள். அவர் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் அவருக்குத் தெரியாது, நடுவில் மரம் இருந்தது, பிறகு கொஞ்சம் மரம் இருந்தது, பிறகு முறிகிற சத்தம் இருந்தது. மண்டி ஆட்கள் மூட்டை ஏற்றுகிற சத்தம் போட்டுக் கயிற்றை இழுக்க, மரம் ஒருமுறை திரும்பி இரண்டு வீட்டையும் பார்த்துவிட்டுக் காலி மனையில் போய் விழுந்தது.

கரிசல் தூசி எழுந்து மூடியது. தூசிக்குள் வெயில் வெள்ளை வெளேரென்று அடித்தது. யாருக்கும் யாரும் தெரியவில்லை. தவசிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு, இடுப்பு வலியோடு அப்படியே நின்றார். முகத்தில் சூடு ஏறியது. போச்சு என்று நினைத்தார். நானே போக்கிவிட்டேன் என்று நினைத்தார். பக்கத்தில் பூரணம் இருமுகிற சத்தம் கேட்டது, இருமல் நின்றது, பிறகு அவள், "ஏங்க, கண்ணைத் தொறங்க," என்றாள்.

தூசி அடங்கியிருந்தது. தகரக் கூரையில், முற்றத்தில், சுவரில், சுவரைத் தாண்டி மாடியில், மாடியைத் தாண்டித் தெருவில், முதலில் வெட்டிய பாதியும் இப்போது வெட்டிய பாதியும் ஒன்று சேர்ந்து, அடுக்கு அடுக்காக, வௌவால் போட்ட கொட்டையிலிருந்து வளர்ந்த அந்த முழு வாதாமரத்தின் நிழலும் விழுந்து கிடந்தது. காற்றே இல்லாதபோதும் லேசாக அசைந்தது.

ஞானகுரு மொபெட்டில் வந்து இறங்கினார். பின்னால் கோடாலியோடும் சூடப் பொட்டலத்தோடும் ஒரு ஆள் இருந்தார். சுவரின் நடுவில் மரம் நின்ற இடத்தில் ஆள் நுழைகிற வழி ஒன்று திறந்திருப்பதையும், அதற்குள் தன் மனைவி மரத்தூள் படிந்த கையோடு நிற்பதையும் ஞானகுரு பார்த்தார். ஆத்திரத்தில் வானத்தைப் பார்க்க மறந்து, தவசிலிங்கத்தை நேராகவே பார்த்துக் கத்தினார்.

"சொன்னீராய்யா? மரத்துகிட்டச் சொன்னீரா?"

"நீரு சொன்னீரா?"

"அதுக்குத்தான ஆளைக் கூட்டியாந்திருக்கேன்!"

"அப்பச் சொல்லச் சொல்லும்."

கோடாலிக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். "மரம் எங்க இருக்கு, எதுல கை வைக்க?" என்று கேட்டார். அவர் நிழலில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தார், சூடத்தை வெள்ளைச்சாமியிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு அந்த நிழலுக்கு மனு இல்லை, உத்தரவு இல்லை. மரமே இல்லாத இடத்தில் எதை அகற்றச் சொல்வது என்று நகராட்சிக்குத் தெரியவில்லை. சுவரில் திறந்த வழியை ஞானகுரு அடைக்கக் கல் வாங்கிப் போட்டார். கல் கிடந்தது, ராஜக்கனி அதன்மேல் அப்பளத் தட்டுகளை அடுக்கினாள். வழியில் பெண்கள் போய் வந்தார்கள். மாடி போதாமல், முற்றத்திலும் அப்பளம் உலர்ந்தது, தவசிலிங்கத்தின் முற்றத்திலும் உலர்ந்தது. அவர் கம்பை வைத்துக் காக்கை விரட்டினார். காக்கைக்குத்தான் விரட்டுகிறேன், ஞானகுருவுக்கு இல்லை என்று தினமும் ஒருமுறை சொல்லிக்கொள்வார்.

கத்திரி வெயில் உச்சத்தில் ஒரு மதியம், மாடியில் தாங்க முடியாமல் ஞானகுரு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து, தன் பக்கத்தில், சுவரை ஒட்டி, நிழல் திக்காக விழுகிற இடத்தில் போட்டு உட்கார்ந்தார். இந்தப் பக்கம் கட்டிலில் படுத்திருந்த தவசிலிங்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சுவரை ஒட்டி ஒரு சாண் என்னோடது. அதுல எவன் நாற்காலியும் இருக்கக் கூடாது," என்றார், டீ கிளாஸைப் பார்த்து.

தெருவில் இஸ்திரிப் பெட்டி நின்றது. கண்டக்டர் பத்திரிகையைத் தாழ்த்தினார். வெகுநேரம் கழித்து அந்தப் பக்கம் நாற்காலிக் கால் தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. சரியாக ஒரு சாண்.

"இங்க வெயில் வருது," என்று ஞானகுரு வானத்திடம் சொன்னார். அந்த இடத்தில் ஒரு பொட்டு வெயில் கிடையாது.

அன்று சாயங்காலம் பூரணம் சாணி தெளித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "அந்த மனுசன் நகந்துட்டாரு. வாயால ஒத்துக்கிடலைன்னாலும் நாற்காலி ஒத்துக்கிட்டுச்சு. இனியாவது அந்த வார்த்தையைச் சொல்லிறலாம்ல? பாவம், அதுவும் எத்தனை நாளைக்கு மரம் இல்லாம நிக்கும்?"

"நாற்காலிதான் நகந்துச்சு. சுவரு நகரலை."

"நாம போன பெறகு யாரு சொல்லுவா அதுகிட்ட?"

"யாரும் சொல்லக் கூடாது." தவசிலிங்கம் கட்டிலை இழுத்து, நிழல் கறுத்துக் கிடந்த இடமாகப் பார்த்துப் போட்டு, ஒடிந்த இடுப்பைப் பையச் சாய்த்து, இரண்டு காலையும் சுவரில் திறந்திருந்த வழிக்குள் நீட்டினார், குதிகால் இரண்டும் அந்த ஒரு சாணில் போய் நின்றன. "எனக்கும் ஒருநாள் உத்தரவு வரும். முந்தின சாயங்காலம் எவனாவது தலைமாட்டுல வந்து நின்னு, கையை வச்சு, எடம் பாத்துக்கிடுன்னு சொல்ல வருவான். உள்ள விடாத. எங்கிட்டயும் யாரும் சொல்லக் கூடாது."